இருமாத ராத்தா

இப்போதெல்லாம் பரீதா ராத்தா வாசல் கடப்படியில் நின்று சலாம் சொன்னால், பெண்கள் குசினியிலிருந்து வெளியே வந்து முகத்தைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறார்கள். அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. "சும்மா உங்களப் பாக்கத்தான் வந்தன் ராத்தா" என்று சமாளிக்கிறார்கள். அவருக்கும் விளங்கும். முக்காட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, முகத்தை நன்றாகக் காட்டி, வந்த விசயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

முன்பு அப்படி இல்லை. எங்கள் ஊர் குறிஞ்சாக்கேணியில் ஒரு வீட்டில் கலியாணம் என்றால் ஆண்களுக்குக் கார்ட் போகும். பெண்களுக்கு வாயால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கோபம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். அந்தச் சொல்கிற வேலை ராத்தாவுடையது. வாசலில் நின்று சலாம் சொல்லுவார். இன்னார் வீட்டில், இன்ன பிள்ளைக்கு, இன்ன நாள் கலியாணம், பெண்கள் எல்லாரும் நேரத்தோடு வரட்டாம் என்பார். உள்ளே ஒருத்தி மீன் கழுவிக்கொண்டிருப்பாள், இன்னொருத்தி பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருப்பாள். யாரும் எழும்பி வரமாட்டார்கள். "ஓம் ராத்தா, வாறம், இன்ஷா அல்லாஹ்" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்கள். ராத்தாவின் குரல் வாசலுக்கு வந்தால் கலியாண வீடே வந்து கூப்பிட்டதற்குச் சமம். அதைத் திருப்பிக் கேட்பதும், உண்மையா என்று விசாரிப்பதும் மரியாதைக் குறைவு.

ராத்தாவும் தன் வேலையில் கண்டிப்பானவர். எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்கமாட்டார். ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்தால் எல்லா வீட்டிலும் குடிக்கவேண்டும், ஒரு வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த வீட்டில் கதை வரும் என்பார். தன் பங்குக்கு ஒரு சொல் கூட்டவும் மாட்டார். மாப்பிள்ளை எப்படி, எவ்வளவு சீதனம் என்று வாயைக் கிண்டினால், "நான் சொல்ல வந்தது இவ்வளவுதான் புள்ள" என்று நடையைக் கட்டுவார். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ராத்தாதான், மூத்த சகோதரிதான். அவருடைய மாமியாரே கடைசிக் காலத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்.

நான் ஆதிலா. ராத்தாவின் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். வீட்டு முன்னால் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். சந்தேகம் பிடித்தவள் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. இருக்கட்டும். மீன் கொண்டுவருவது என் கூடப்பிறந்த தம்பியாக இருந்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்கமாட்டேன். அவன் கோபித்துக்கொள்வான், நான் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

ராத்தாவைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் அவர் வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்குப் போனார். போகும்போது நல்ல தேகம். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் களப்பில் தோணியோடு நிற்கும் முத்தலிப் காக்கா திரும்பிப் பார்ப்பாராம், அவர்தான் ராத்தாவின் கணவர். திரும்பி வரும்போது ராத்தா இழுப்போடு வந்தார். நாலு சொல் சொன்னால் நெஞ்சுக்குள் விசில் ஊதும், ஓர் இருமல் வரும், பிறகுதான் மிச்சச் சொல் வரும். அங்கே என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. முத்தலிப் காக்கா ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

எங்கள் ஊரிலிருந்து எத்தனையோ பெண்கள் போயிருக்கிறார்கள். நல்ல இடம் கிடைத்து, வீடு கட்டி, தங்கச்சிமாரைக் கரைசேர்த்தவர்களும் உண்டு. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் போக நினைக்கிற ஒவ்வொருத்தியும் முதலில் ராத்தாவிடம்தான் வருவாள். "போகட்டா ராத்தா?" ராத்தா ஓம் என்றும் சொல்லமாட்டார், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நடப்பார். கேட்டவள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்தே போகாமல் நின்றவர்கள் பலர். என்றைக்காவது இந்த மனுசி வாய் திறப்பார் என்று ஊர் காத்துக்கொண்டிருந்தது. அந்த வாயைக் கடைசியில் வேறு யாரோ திறந்தார்கள்.

கீர்த்தனி என்றொரு பிள்ளை டவுனிலிருந்து வந்தாள். நல்ல பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறாளாம். கம்ப்யூட்டருக்குத் தமிழ் படிப்பிக்கிறார்களாம். எங்கள் பக்கத்துப் பேச்சு அதற்கு இன்னும் சரியாக வரவில்லையாம். ஊர்க் கதை கதைக்கிற ஒரு பெண் குரல் தேவை என்று கேட்டபோது எல்லாரும் ராத்தாவின் வீட்டைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, நீங்கள் கலியாணம் சொல்லேக்குள்ள எப்பிடிக் கதைப்பீங்களோ, அப்பிடியே இந்த வசனங்களைச் சொன்னாக் காணும்" என்று போனை நீட்டினாள்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டது ராத்தா இல்லை, வேலியோரம் நின்ற நான்.

"செயற்கை நுண்ணறிவு அக்கா. கிளினிக் எத்தினை மணிக்கு, மழை வருமா எண்டு ஆக்கள் போன்ல கேட்டா எங்கட தமிழிலேயே பதில் சொல்லும். வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கு எவ்வளவு உதவி தெரியுமா?"

"யார்ர குரல்ல சொல்லும்?"

"கனபேற்ற குரல் சேர்ந்து ஒரு குரல் வரும்."

"சேந்து வாற குரல் யாருக்குச் சொந்தம்?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ராத்தாவுக்கு உள்ளூரச் சந்தோசம். இழுப்பு வந்த நாளிலிருந்து அவருடைய குரலை யாரும் நல்ல குரல் என்று சொன்னதில்லை. இந்தப் பிள்ளை டவுனிலிருந்து பாலம் தாண்டி அதைத் தேடி வந்திருக்கிறாள். போனில் முதலில் நீளமாக ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. அடியில் ஒரு பொத்தான். "சம்மதம் எண்டு இதில அமத்துங்கோ அக்கா" என்றாள் கீர்த்தனி. ராத்தா அமத்தினார். வாசிக்க ஏலாத ஒன்றுக்குச் சம்மதம் சொன்னால் எதற்குச் சம்மதம் சொன்னதாகக் கணக்கு என்று நான் கேட்டேன். "நீ மீன்காரனையும் இப்பிடித்தான் கேக்கிற" என்று ராத்தா என் வாயை மூடிவிட்டார்.

பின்னேரங்களில் இருவரும் மாமரத்தடியில் இருந்து பதிவு செய்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். ராத்தா ஒரு வசனம் தொடங்குவார், நடுவில் இழுப்பு வரும், இருமுவார். "அக்கா, அதை ஒருக்காத் திருப்பி" என்பாள் கீர்த்தனி. மறுபடியும் தொடங்குவார், மறுபடியும் இருமுவார். சில வசனங்களை அன்றைக்கு விட்டுவிட்டு, மறுநாள் நெஞ்சு லேசாக இருக்கும்போது பிடித்தார்கள். கடைசியில் இருமல் இல்லாத துண்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட்டாள். கைக்கு ஏதோ கொடுத்தார்கள். ராத்தா வீட்டுக்கு ஒரு மின்விசிறி வந்தது.

அதன் பிறகு ஒரு மாரிக்காலம் போய்விட்டது. நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

முதலில் கடைக்குச் சவர்க்காரம் வாங்க வந்த ஒருத்திதான் சொன்னாள், ராத்தா தனக்குக் கோல் எடுத்தாராம். வெளிநாடு போகிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டாராம். நான் நம்பவில்லை. அடுத்த நாள் இன்னொருத்தி சொன்னாள். "என்ன அன்பாக் கதைக்கிறா மாமி! இழுப்பும் நல்லாச் சுகமாகிட்டுப்போல" என்றாள். அந்தச் சொல் எனக்கு எங்கேயோ தைத்தது. அன்று காலையிலும் வேலிக்கு அப்பால் ராத்தா இருமுவது எனக்குக் கேட்டது.

பிறகு எனக்கே வந்தது. கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் புள்ள. நான் உங்கட ஊர் ராத்தாதான் கதைக்கிறன். சுகமா இருக்கீங்களா?"

ராத்தாதான். சத்தியமாக ராத்தா. அதே "புள்ள", கேள்வியை இழுத்து முடிக்கிற அதே விதம்.

"என்ன ராத்தா, பக்கத்து வளவில இருந்துகொண்டு போன்ல கதைக்கிறீங்க?" என்றேன்.

அது சிரித்தது. "கதைக்க வேணும்போல இருந்திச்சு புள்ள. வெளிநாட்டுக்குப் போக விருப்பமான பொம்புளப் புள்ளைகள் உங்கட பக்கத்தில இருக்காங்களா? நல்ல வீடுகள் வந்திருக்கு. நானும் போய் வந்தனான்தானே. பயப்பிட ஒண்டும் இல்ல."

என் கை தராசிலேயே நின்றுவிட்டது. போனைக் காதில் வைத்தபடி வேலிப்பக்கம் போனேன். தகரம் துருப்பிடித்து விழுந்த இடைவெளியால் பார்த்தால், ராத்தா கிணற்றடியில் ஒரு கோழியைத் துரத்திக்கொண்டிருந்தார். கையில் போன் இல்லை, விளக்குமாறுதான் இருந்தது. ஓடி, நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி, மூச்சு வந்த பிறகு கோழியை ஏசினார். என் காதுக்குள் அதே மனுசி மூச்சு முட்டாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "வெள்ளிக்கு வெள்ளி வீட்டோட கதைக்கலாம் புள்ள. மாஷா அல்லாஹ், நல்ல மனிசர்."

ஜின் கதைக்கெல்லாம் பயப்படாதவள் நான், அன்றைக்குப் பயந்தேன். போனைத் தூக்கிக்கொண்டு ராத்தாவிடம் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் கோல் நின்றுவிட்டது. திருப்பி எடுத்தால் அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று வேறொரு பெண் சொன்னாள். நான் நடந்ததைச் சொன்னேன். ராத்தா விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு விசர் ஆதிலா" என்றார்.

ஆனால் ஊர்க் கதை அவரையும் தேடி வந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏதோ ஓர் ஏஜென்சியோடு ராத்தா சேர்ந்துவிட்டார், ஒவ்வொரு தலைக்கும் கொமிசன் எடுக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். தேத்தண்ணிக் கடையில் யாரோ முத்தலிப் காக்காவிடமே கேட்டுவிட்டார்கள், மனைவி இப்போது பெரிய ஏஜென்சிக்காரியாமே என்று. அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இதே குரல் மூதூரிலும் தோப்பூரிலும் பெண்களைக் கூப்பிட்டிருக்கிறது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே அது யாரோ ஒரு நல்ல மனுசியின் குரல். எங்கள் ஊரில்தான் அதற்கு முகம் இருந்தது, வீடு இருந்தது, இத்தனை வருசமாக வாய் திறக்காத ஒரு பெண்ணின் மரியாதை இருந்தது.

நான் கீர்த்தனியின் நம்பரைத் தேடி எடுத்தேன். பாவம், அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள்.

"அந்தக் கம்பெனியை மூடிட்டினம் அக்கா. குரல் எல்லாத்தையும் வேற ஆக்களுக்கு வித்துப்போட்டினம். அவையள் இன்னும் ஆருக்குக் குடுத்தவையோ எனக்குத் தெரியாது."

"அப்பிடி விக்க ஏலுமா?"

"அதில போட்டிருந்தது அக்கா. மற்ற ஆக்களுக்கும் குடுக்கலாம் எண்டு."

"நீ அத வாசிச்சியா?"

"இல்ல அக்கா" என்றாள்.

படித்த பிள்ளையே வாசிக்கவில்லை. அமத்தினவரும் வாசிக்கவில்லை. எழுதினவன் யாரென்று தெரியாது. இப்படித்தான் இந்த உலகத்தில் சம்மதம் என்பது நடக்கிறது போலிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிள்ளையை நன்றாக ஏசிவிட்டேன். அவள் ராத்தாவைத் தேற்ற நினைத்து ஒன்று சொன்னாள்: "அக்காவும் மற்றாக்கள் சொல்லித் தாறதைத்தானே வீடு வீடாச் சொல்றவ. இதையும் அப்பிடி நினைக்கச் சொல்லுங்கோவன்."

பக்கத்தில் இருந்த ராத்தா போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"நான் சொன்னா, யார்ர வீட்டுக் கலியாணம் எண்டு சொல்லித்தான் சொல்லுவன் புள்ள" என்றார். இருமல் வந்தது, பொறுத்துக்கொண்டார். "கலியாணச் சோறு வேகாட்டி யார ஏசுற எண்டு ஊருக்குத் தெரியும். இது யார்ர வாய் எண்டு சொல்லு பாப்பம்."

பக்கத்து ஊருக்குப் போய் ஒருவனோடு சண்டை பிடிக்கலாம், வாசலில் நின்று கத்தலாம். வாசலே இல்லாத ஒன்றோடு எங்கே போய்ச் சண்டை பிடிப்பது? எனக்குத் தெரிந்த சந்தேகமெல்லாம் செவுளைத் தூக்கிப் பார்க்கிற சந்தேகம். இதற்குச் செவுள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அந்தக் கிழமைதான் அம்ரா கடைக்கு வந்து ஒரு சின்னப் பூட்டுக் கேட்டாள். அம்ரா என் கணவரின் தங்கையின் மகள். அவளுடைய புருசன் அர்ஷாக் கூரை வேலையில் விழுந்து முதுகு உடைந்து படுக்கையில் கிடக்கிறான். கையில் பால்குடிக்கிற பெண் பிள்ளை.

"என்னத்துக்குப் பூட்டு?"

"பேக்குக்கு மாமி. நாளைக்குக் கொழும்புக்குப் போறன். அங்கயிருந்து வெளிநாடு."

"யார் போகச் சொன்ன?"

"பரீதா ராத்தாதான். இத்தின வருசம் வாய் திறக்காத மனிசி வாய் திறந்து சொல்லியிருக்கா. இதுக்குமேல எனக்கென்ன வேணும்?"

"அது ராத்தா இல்லடி. மிசின்."

"மிசின் நான் கேக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லுமா மாமி? புள்ள இன்னும் பால் குடிக்கிது எண்டு அழுதன். அவட குரலும் தழுதழுத்துப் போச்சு. அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான் புள்ள எண்டா." பூட்டின் காசை மேசையில் வைத்தாள். "நீங்க சொந்தத் தம்பிர மீனையே நம்பாத ஆள். உங்களுக்கு எல்லாம் சந்தேகம்."

அவள் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டே பேர் எடுத்தவள், சந்தேகப்பட வேண்டிய ஒன்றைக் காட்டும்போது யார் கேட்பார்கள்?

கடையைச் சாத்திவிட்டு ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். "நீங்களே வந்து அது நானில்ல எண்டு சொல்லுங்க" என்றேன். அவர் கட்டிலில் இருந்தபடி இழுப்புக்கான பம்பை வாயில் வைத்து மருந்தை இழுத்தார்.

"அது நானில்ல எண்டு மட்டும் சொன்னாக் காணுமா ஆதிலா?" என்றார்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளிக்கிட்டார்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து களப்போரமாக நடந்தோம். அம்ராவின் வீடு இன்னும் பூசாத கல் வீடு, முன் அறைக்கு மட்டும் தகரம் போட்டிருக்கிறது. ராத்தா வழக்கம்போல் கடப்படியில் நின்று சலாம் சொன்னார். உள்ளேயிருந்து அம்ரா எழும்பி வராமலே பதில் சலாம் சொன்னாள்.

"ஓம் ராத்தா, எல்லாம் ஆயத்தம். விடிய பஸ்ஸுக்கு வெளிக்கிடுறன்."

"போகாத புள்ள" என்றார் ராத்தா.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அம்ரா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"போன்ல ஒண்டு, நேர்ல ஒண்டா ராத்தா? என்ன விளையாட்டு இது? பேசின கொமிசன் கைக்கு வரல்லையாக்கும்."

என் வாயில் வந்ததை நான் சொல்வதற்குள் ராத்தா கடப்படியைத் தாண்டினார். ஒரு வீட்டுக்கும் போகாதவர் நேரே அந்த முன் அறைக்குள் போய், அர்ஷாக் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அம்ராவுக்கு அது போதும், அவள் பயந்துவிட்டாள். பின்னாலேயே வந்து தரையில் இருந்தாள்.

ராத்தா பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"எந்த நாளும் என்னை உள்ளுக்கு விட்டுப் பூட்டிட்டுத்தான் வீட்டுக்காரி வெளிய போவா. ஒருநாள் பாத்ரூம் கழுவச் சொன்னா. ரெண்டு போத்தில் கழுவுற மருந்தத் தந்து, ரெண்டையும் ஒண்டா ஊத்திக் கழுவு எண்டா. ஊத்தினாப் புகை வரும் எண்டு எனக்குத் தெரியா." இருமினார். இருமல் நிற்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். "பாத்ரூம் கதவையும் பூட்டிட்டுப் போயிட்டா. நான் வேலைய விட்டுட்டு டிவி பாப்பனாம். கத்தினன். எனக்கு அப்ப நல்ல குரல் புள்ள. மேல் மாடியில ஆக்கள் கதைச்சுச் சிரிக்கிறது எனக்கு நல்லாக் கேக்கிது. நான் கத்தினது அவங்களுக்குக் கேக்காம இருக்குமா? ஒருத்தரும் வரல்ல. குரல் போகுமட்டும் கத்தினன்."

"பிறகு?" என்றாள் அம்ரா.

"பிறகென்ன. கொஞ்ச நாள் படுத்துக் கிடந்தன். எழும்பின அண்டைக்கு அதே பாத்ரூமக் கழுவ விட்டா."

கட்டிலில் அர்ஷாக் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். என் பக்கத்து வளவில் இத்தனை வருசமாக இந்தக் கதை இருமிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாவற்றையும் தோண்டித் துருவுகிற நான் அதை வெறும் வருத்தம் என்று நினைத்திருந்தேன்.

"ஏன் ராத்தா இவ்வளவு காலமும் சொல்லல்ல?" அம்ரா மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அதில் கோபமும் இருந்தது.

"போன புள்ளைகள்ற உம்மாமார் இங்க இருக்காங்க. சொன்னா அவங்க நித்திரை கொள்ளுவாங்களா? நான் வாய் திறக்காம இருந்தாக் காணும், கேக்கிறவங்களுக்கு விளங்கும் எண்டு நெனச்சன்."

அம்ரா நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. பூட்டுப் போட்ட பேக் மூலையில் இருந்தது. அவள் அதையும் அர்ஷாக்கையும் ராத்தாவையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏஜென்சி காட்டிய வீட்டுக்காரி நல்லவளாகவும் இருக்கலாம். எல்லா வீட்டிலும் பாத்ரூம் கதவைப் பூட்டுவதில்லை. வேண்டாம் என்று ஒருத்தி கதை சொல்லலாம், போ என்று இன்னொருத்தி கதை சொல்லலாம். கேட்கிறவள் எதைப் பிடித்துக்கொண்டு முடிவெடுப்பது?

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது.

அம்ரா இலக்கத்தைப் பார்த்தாள். எடுத்து, எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிக் கட்டில் விளிம்பில் வைத்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அம்ரா புள்ள. பேக் எல்லாம் அடுக்கியாச்சா? பிள்ளைக்குப் பால்மா வாங்கி வச்சிட்டீங்களா?"

ராத்தா அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். கையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். தன்னிடமிருந்துதான் அந்தச் சத்தம் வருகிறதோ என்று பயந்த மாதிரி இருந்தது. அம்ரா மூடியிருந்த அந்த வாயைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"ராத்தா" என்றாள் போனிடம்.

"சொல்லுங்க புள்ள."

"ஒருக்கா இருமுங்க பாப்பம்."

அது சிரித்தது. நல்ல சிரிப்பு, அன்பான சிரிப்பு. "எனக்கென்ன புள்ள வருத்தம்? அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல. நல்ல சுகமா இருக்கன்."

"நான் வரல்ல" என்று அம்ரா போனை அமத்தினாள். பிள்ளை சிணுங்கியது, தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அர்ஷாக் கையை நீட்டி அவளுடைய தோளைத் தொட்டான்.

நான் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கோபப்படுவார், அந்த மிசினை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் போனைக் களப்பில் எறிந்திருப்பேன். அவர் இருட்டிப்போன அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு, விசில் ஊதும் நெஞ்சோடு கொஞ்ச நேரம் இருந்தார்.

"எவ்வளவு வடிவான குரல், என்ன ஆதிலா" என்றார். இருமினார். "நான் போகாம இருந்திருந்தா எனக்கு இப்பிடித்தான் இருந்திருக்கும்."